ஐந்தா, முப்பதா, பூஜ்ஜியமா: எந்தக் கணக்கை நம்புவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. பெருங்குடலில் கட்டி. அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைக்க வேண்டும் என்று சொல்லி, மூன்று வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். முதலில் பார்த்த மருத்துவர், "நூறு பேரில் ஐந்து பேருக்குச் சிக்கல் வரலாம்" என்றார். எதற்கும் இன்னொருவரிடம் கேட்டுவிடலாம் என்று போனோம். அவர், "போன வருஷம் நாற்பது பேருக்குச் செய்தேன், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். இணையத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் நூற்றுக்கு முப்பது என்று போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போதாததற்கு, முதல் மருத்துவமனையில் ஏதோ ஆய்வில் சேரச் சொல்லிக் கையெழுத்து கேட்கிறார்கள். ஆறு மாதம் வரை போனில் விசாரிப்பார்களாம். அப்பாவைச் சோதனை எலி ஆக்குகிறார்கள் என்று தம்பி கோபப்படுகிறான். அப்பா தினம் ஏழெட்டு சிகரெட் பிடிப்பவர். நாங்கள் யாரை நம்புவது? இந்த எண்களையெல்லாம் அப்பாவிடம் சொல்லலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று கணக்குமே உண்மையாக இருக்கலாம். யாரும் உங்களிடம் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆளுக்கொன்றை எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

'சிக்கல்' என்கிற சொல் ஒரு பெரிய மூட்டை. ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு நாள் குமட்டல் நிற்காமல் ஊசி போட வேண்டி வந்தால் அதுவும் சிக்கல். தையல் போட்ட இடத்தில் சீழ் கட்டி, படுக்கையில் வைத்தே ஒரு தையலைப் பிரித்துவிட்டால் அதுவும் சிக்கல். இணைத்த குடல் விட்டுப்போய், உள்ளே இருப்பது வயிற்றுக்குள் கசிந்து, நள்ளிரவில் நோயாளியை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனால் அதற்கும் அதே பெயர்தான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க டிண்டோ, கிளேவியன் முதலிய அறுவை மருத்துவர்கள் 2004-இல் ஒரு தரப்பட்டியலை வெளியிட்டார்கள். 6,336 நோயாளிகளிடம் சரிபார்த்த பட்டியல் அது. வந்தது என்ன சிக்கல் என்று அவர்கள் பார்க்கவில்லை. அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டி வந்தது என்று பார்த்தார்கள். குமட்டல் ஊசியோடு முடிந்தால் முதல் படி. ஆன்டிபயாடிக் மருந்தோ ரத்தமோ ஏற்ற வேண்டி வந்தால் இரண்டாம் படி. குழாய் செருகவோ மறுபடி திறக்கவோ வேண்டி வந்தால் மூன்றாம் படி. உயிருக்கு ஆபத்தாகி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் நான்கு. ஐந்து என்றால் மரணம். இன்று உலகம் முழுக்க அறுவை ஆய்வுகளில் இந்தப் படிக்கணக்குதான் பெரும்பாலும் புழங்குகிறது.

நீங்கள் படித்த கட்டுரையை இன்னொரு முறை திறங்கள். முப்பதை விட்டுவிட்டு, அட்டவணையில் மூன்றாம் படியிலும் அதற்கு மேலும் எத்தனை பேர் என்று மட்டும் பாருங்கள். வழக்கமாக மொத்தத்தில் பெரும்பகுதி முதல் இரண்டு படிகளிலேயே முடிந்துவிடும். உங்கள் மருத்துவர் சொன்ன ஐந்து அநேகமாக இணைப்புக் கசிவை மட்டும் குறித்திருக்கும். குடல் அறுவை செய்பவர்களுக்குச் 'சிக்கல்' என்றதும் மனசில் முதலில் வந்து நிற்பது அதுதான். ஊகத்தை வைத்துக்கொண்டு இருக்காமல், "அந்த ஐந்து எதைச் சேர்த்து, எதை விட்டு?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்டால் கோபப்படுவார் என்று பயப்பட வேண்டாம். தன் கணக்கு தெரிந்த மருத்துவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

எத்தனை நாள் வரை எண்ணினார்கள் என்பது இன்னொரு விஷயம். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் நோயாளிகளின் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். யாருக்குப் புண்ணில் சீழ் வைத்தது, யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் அதில் இருக்கும். வருடக் கடைசியில் பார்த்தால், புண் தொற்று வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு மூத்த நர்ஸ், "டாக்டர், வீட்டுக்குப் போனவங்களைக் கேட்டீங்களா?" என்றார். ஒவ்வொருவராகப் போன் போட்டோம். வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் சீழ் கட்டி, பக்கத்தில் இருந்த யாரோ ஒரு மருத்துவரிடம் பிரித்து விட்டுக்கொண்டவர்கள் வரிசையாக வந்தார்கள். ஆபரேஷன் நன்றாக நடந்தது என்ற மரியாதையில் அவர்கள் என்னிடம் வந்து குறை சொல்லவில்லை. என் நோட்டு சுத்தமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

புண் தொற்றை 30 நாள் வரைக்கும், செயற்கை மூட்டு போல ஏதாவது உள்ளே வைத்திருந்தால் 90 நாள் வரைக்கும் பார்க்க வேண்டும் என்று ஆய்வுகளில் விதி வைத்திருப்பது இதனால்தான். டிஸ்சார்ஜ் ஆகும் நாளோடு கணக்கை மூடும் மருத்துவமனையின் எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

எவ்வளவு தேடினார்கள் என்பதிலும் எண் மாறும். இதயம் அல்லாத அறுவைகளுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று பல நாடுகளில் பார்த்த விஷன் என்ற பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் ரத்தத்தில் ட்ரோபோனின் அளவைப் பார்த்தார்கள். இதயத் தசைக்குச் சேதம் ஏற்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம் அது. 2017-இல் வந்த முடிவுப்படி, அப்படிச் சேதம் ஏற்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நெஞ்சுவலி போன்ற எந்த அறிகுறியும் இல்லை. வலி மருந்தின் மயக்கத்தில் படுத்திருப்பவருக்கு நெஞ்சு வலித்தாலும் எங்கே தெரியப்போகிறது? அந்தப் பரிசோதனை செய்யாத மருத்துவமனையில் இவர்கள் அத்தனை பேரும் 'ஒன்றும் ஆகாதவர்கள்' பட்டியலில் இருப்பார்கள். ஆகவே சிக்கல் அதிகமாகப் பதிவாகும் இடம் மோசமான இடம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அங்கே கண் கொஞ்சம் கூர்மையாக இருக்கலாம்.

சரி, நாற்பது பேருக்குச் செய்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகாத மருத்துவர். அவர் கைராசிக்காரராகவே இருக்கட்டும். ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. உண்மையான கசிவு விகிதம் நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். அந்த விகிதத்தில் வேலை செய்யும் எட்டு மருத்துவர்களில் ஒருவருக்கு, முதல் நாற்பது பேரில் ஒரு கசிவுகூட வராமல் போகும். வெறும் தற்செயல். புள்ளியியலில் இதற்கு 'மூன்றின் விதி' என்று ஒரு குறுக்கு வழி உண்டு. ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் சொன்னால், எத்தனை பேருக்குச் செய்தாரோ அந்த எண்ணால் மூன்றை வகுத்துக்கொள்ள வேண்டும். மூன்றை நாற்பதால் வகுத்தால் ஏழரை சதவீதம் வருகிறது. அதாவது அவருடைய பூஜ்ஜியத்துக்குள் ஏழரை சதவீதம் வரை ஒளிந்திருக்க இடமிருக்கிறது. 'ஐந்து' என்று சொன்னவரும் இவரும் ஒரே திறமைக்காரர்களாக இருக்கலாம். முதலாமவரே மேலானவராகவும் இருக்கலாம். நாற்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அதோடு, அந்த நாற்பது பேர் யார்? நாற்பத்தைந்து வயது, சர்க்கரை நோய் இல்லை, புகைப்பதில்லை என்று ஆரோக்கியமானவர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, கடினமான நோயாளிகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுபவரின் பலகை எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். எல்லாரும் அனுப்பிவைக்கும் கடைசிப் புகலிடமாக இருப்பவரின் கணக்கு மோசமாகத் தெரியும். உங்கள் அப்பாவைப் போல 67 வயதில், புகைபிடிக்கும் ஒருவருக்கு என்ன ஆனது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

தன் தோல்விகளைத் தானே எண்ணி வெளியிடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு எர்னஸ்ட் காட்மனை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நூறு வருடத்துக்கு முன்பு பாஸ்டனில் இருந்த அறுவை மருத்துவர். ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து விசாரித்து, பலன் கிடைத்ததா, இல்லையென்றால் ஏன் என்று பதிய வேண்டும் என்றார். பெரிய மருத்துவமனையில் அது எடுபடவில்லை. 1914-இல் அங்கிருந்து விலகினார். தன் சொந்தச் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை பார்த்த 337 பேரின் கணக்கை அச்சிட்டார். அதில் 123 தவறுகளை அவரே ஒத்துக்கொண்டிருந்தார். சக மருத்துவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. இன்று சிகிச்சைப் பலன் ஆய்வுகளுக்கு அவரைத்தான் முன்னோடி என்கிறோம்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். எத்தனை சதவீதம் என்ற கேள்வியில் நீங்கள் இவ்வளவு தூக்கத்தை இழந்திருக்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு.

2009-இல் அமெரிக்காவில் கஃபேரி, பிர்க்மேயர், டிமிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் துறையில் பலருடைய எண்ணத்தையே திருப்பிப்போட்டது. 84,730 நோயாளிகள். மரண விகிதத்தை வைத்து மருத்துவமனைகளை ஐந்து பிரிவாகப் பிரித்தார்கள். மிக நல்ல பிரிவில் நூற்றுக்கு 3.5 பேர் இறந்திருந்தார்கள். மிக மோசமான பிரிவில் 6.9 பேர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்படியானால் சிக்கல்களும் அங்கே இரண்டு மடங்கு வந்திருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? நல்ல இடத்தில் 24.6, மோசமான இடத்தில் 26.9. ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அதற்கு அடுத்த கட்டத்தில் இருந்தது. பெரிய சிக்கல் வந்தவர்களில், நல்ல இடத்தில் நூற்றுக்கு 12.5 பேர் இறந்தார்கள், மோசமான இடத்தில் 21.4 பேர். அதாவது சிக்கல் எல்லா இடத்திலும் வருகிறது. அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடித்த பிறகு எவ்வளவு வேகமாகக் கை வைக்கிறார்கள் என்பதில்தான் உயிர் நிற்கிறது. இதைக் 'காப்பாற்றத் தவறுதல்' என்ற பெயரில் தனியாகவே அளக்கிறார்கள்.

குடல் இணைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கசிவு பெரும்பாலும் ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள் என்று வெளியே தெரியும். அதற்கு முன்னாலேயே நாடித்துடிப்பு கொஞ்சம் ஏறியிருக்கும், மூச்சு வேகமாகியிருக்கும், நோயாளி 'என்னமோ சரியில்லை' என்பார். இரவு பதினொரு மணிக்கு அதைக் கவனிக்கும் நர்ஸ் யாரைக் கூப்பிடுவார், கூப்பிட்டால் அவர் வருவாரா, அந்த நேரத்தில் சி.டி. ஸ்கேன் எடுக்க முடியுமா, ரத்தம் கையில் இருக்கிறதா, மறுபடி திறக்க வேண்டுமென்றால் மயக்க மருந்து மருத்துவர் அங்கேயே இருக்கிறாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? இரண்டு மருத்துவர்களிடமும் இதைக் கேளுங்கள். "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்பாவுக்கு மோசமானால் இங்கே என்ன நடக்கும்?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டாலும் போதும். ஒருவர் நடப்பதைப் படிப்படியாகச் சொல்வார். இன்னொருவர் "அதெல்லாம் ஒன்றும் ஆகாதும்மா" என்பார். நான் என் அப்பாவை முதலாமவரிடம்தான் விடுவேன், அவர் சொன்ன சதவீதம் எதுவாக இருந்தாலும்.

தம்பியின் கோபத்துக்கு வருவோம். சோதனை எலி என்று சொல்லும்படியான காலங்கள் மருத்துவத்தில் இருந்ததுண்டு. அதனால் சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது கண்காணிப்பு ஆய்வு போலத் தெரிகிறது. சிகிச்சையில் எதையும் மாற்றாமல், என்ன ஆகிறது என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள். குலுக்கல் போட்டு, பாதிப் பேருக்கு ஒரு முறை, மீதிப் பேருக்கு வேறொரு முறை என்று செய்யும் ஆய்வு வேறு. படிவத்தில் எது என்று எழுதியிருக்கும். குலுக்கல் என்றால் இரண்டு முறைகளும் என்னென்ன, அப்பாவுக்குக் கூடுதலாக என்ன செய்வார்கள், கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் உட்கார்ந்து படித்துவிட்டு முடிவெடுங்கள். எந்த ஆய்வாக இருந்தாலும், நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சை குறையாது. 1964-இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிகளின் வழி வந்த உரிமை இது. அந்த வரி படிவத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெறும் கண்காணிப்புதான் என்றால், சேருவது நல்லது என்பதே என் எண்ணம். அந்தப் போன்தான் என் நோட்டில் இல்லாமல் போனது. எங்களைப் போன்றவர்கள் நல்லது என்று நம்பிச் செய்வதெல்லாம் நல்லதுதானா என்று தெரிவதும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலைப் பாருங்கள். ஆபரேஷனின்போது ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியல் அது. 2009-இல் எட்டு நகரங்களில் செய்த ஆய்வில், அந்தப் பட்டியலைப் பின்பற்றியபின் சிக்கல் நூற்றுக்கு 11-லிருந்து 7 ஆனது, மரணம் 1.5-லிருந்து 0.8 ஆனது. எல்லாரும் கொண்டாடினோம். கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகள் அதைக் கொண்டுவந்தன. அந்தக் கணக்கு 2014-இல் வந்தபோது குறிப்பிடும்படி ஒரு மாற்றமும் இல்லை. பட்டியலை உரக்கப் படித்துச் சரிபார்ப்பதற்கும், முடிந்தபின் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. யாராவது நோயாளிகளை எண்ணிப் பார்த்திருக்காவிட்டால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

சிகரெட் விஷயத்தில் சுருக்கமாக: இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு வாரமாவது முன்பே விட வேண்டும் என்பது பாடம். உங்களுக்கு இருப்பது மூன்று வாரம். அதற்காகக் கட்டி ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடைசி நேரத்தில் விட்டால் நெஞ்சுச்சளி அதிகமாகிக் கெடுதல் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தினமும் நடக்கட்டும். ஆழமாக மூச்சிழுக்கும் பயிற்சியை இப்போதே கற்றுக்கொண்டால், வயிற்றில் தையலோடு முதன்முதலாகக் கற்க வேண்டி வராது. ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவிடுவார்கள், சீக்கிரமே சாப்பிடவும் கொடுப்பார்கள். கொடுமைப்படுத்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள். டென்மார்க்கில் கெலட் என்ற மருத்துவர் 1990-களில் தொடங்கிய முறை அது. படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி சேரும், காலில் ரத்தம் உறையும்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: இந்த வயதில் முதல் சில இரவுகளில் புத்தி தடுமாறலாம். இடம் தெரியாமல் பேசுவார், ஊசிக் குழாயைப் பிடுங்குவார். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். மூக்குக் கண்ணாடி, காதில் வைக்கும் கருவி இருந்தால் கண் விழித்ததும் கொடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது பெரிய மருந்து. ஆனால் திடீரென்று வரும் தடுமாற்றம் உள்ளே ஏதோ கெட்டிருப்பதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் 'வயசாகிவிட்டது' என்று நீங்களே முடிவு செய்யாமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாரும் கவனத்தைத் தளர்த்துகிறார்கள். மேலே சொன்ன விஷன் ஆய்வில் 28 மையங்களைச் சேர்ந்த 40,004 பேர் இருந்தார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்கள் 715, அதாவது நூற்றுக்கு 1.8 பேர். அவர்களில் ஆபரேஷன் மேஜையிலேயே இறந்தவர்கள் வெறும் 5 பேர். எல்லாரும் பயப்படுவது அந்த மேஜையைப் பார்த்துத்தான். 210 பேர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் கண்ணுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். காய்ச்சல் வந்தாலோ, குறைந்துகொண்டிருந்த வயிற்றுவலி மறுபடி கூடினாலோ, வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இரவு எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க நான்கு வாரம் வரை ஊசி எழுதிக் கொடுக்கலாம். குடல் உட்பட வயிற்றுப் பகுதியில் செய்யும் புற்றுநோய் அறுவைகளுக்குப் பிறகு இது வழக்கம். நன்றாக நடக்கிறாரே என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று முதலில் அவரையே கேளுங்கள். சிலருக்கு எல்லா எண்ணும் வேண்டும். சிலர், "செய்றவருக்குத் தெரிஞ்சா போதும்" என்பார்கள். அதுவும் அவர் உரிமைதான். கையெழுத்துப் போடப் போகிறவர் அவர். எண்ணைச் சொல்வதானால் சதவீதமாகச் சொல்லாதீர்கள். "உங்களை மாதிரி இருபது பேருக்குச் செய்தால் ஒருத்தருக்கு மறுபடி திறக்க வேண்டி வரலாம், பத்தொன்பது பேருக்கு வேண்டியிருக்காது" என்பது போல, மருத்துவர் தரும் கணக்கை ஆட்களாக மாற்றிச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து, இணைப்பு ஆறும்வரை வயிற்றில் வழி திறந்து மலம் வெளியேற ஒரு பை வைக்க வேண்டி வரலாம். பெரும்பாலும் சில மாதத்துக்குத்தான். கண் விழித்துப் பார்த்து முதன்முதலாக அதைத் தெரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சிக்கலைவிட அந்த அதிர்ச்சியிலிருந்து மீள அவர்களுக்கு அதிக நாளானது. அப்பாவுக்கு அப்படி வாய்ப்பு உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உண்டு என்றால், ஆபரேஷனுக்கு முன்பே அவரை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியச் சொல்லிப் பார்த்து, பை எங்கே வர வேண்டும் என்று பேனாவால் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இடுப்பில் உடுப்பை அவர் எங்கே கட்டுவார் என்பது மருத்துவருக்குத் தெரியாது.